சிகர வனக் கிளைப்பாதை: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தோட்டத்தின் மேல் எல்லையிலிருந்து சிகர வனம் என்னும் காட்டுக்குள் ஏறி, சிவனொளிபாதமலைக்குச் செல்லும் நல்லதண்ணிப் பாதையோடு சேரும் நமது கிளைப்பாதையின் திருத்த வேலைகள் நிறைவு பெற்றுவிட்டன. உந்துவப் (டிசம்பர்) பௌர்ணமிக்கு முன்பே முடித்துக் கொடுத்தோம். இந்தப் பருவத்து யாத்திரிகர்கள் அதில்தான் நடக்கிறார்கள்.

உந்துவப் முதல் வெசாக் (மே) வரை யாத்திரைக் காலம். வெசாக் கழிந்ததும் தென்மேற்குப் பருவமழை. ஆகவே மழை சற்று ஓய்ந்த நாட்களாகப் பார்த்து வேலை செய்தோம். அதற்கு முன், கொட்டும் மழையிலேயே பாதை முழுவதும் ஏறி, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு இறங்குகிறது என்று அடையாளக் கம்புகள் நட்டோம். பாதை கெட்டதற்கு யாத்திரிகரின் கால்களைவிடத் தண்ணீரே பெரிய காரணம். வழி ஓடையாக மாறியதும் நடப்பவர்கள் சேற்றுக்குப் பயந்து ஓரத்தில் மிதிக்கிறார்கள். பாதை அகலுகிறது, மரவேர்கள் வெளியே தெரிகின்றன.

தேயிலை மலைகளில் கான் (வடிகால்) வெட்டிப் பழகிய மூத்த தொழிலாளர்களின் கண்ணளவுதான் இங்கே கைகொடுத்தது. பாதைக்குக் குறுக்கே கற்களைச் சாய்வாகப் பதித்து, ஓடிவரும் நீரை அங்கங்கே சிறிது சிறிதாகச் செடிகள் அடர்ந்த சரிவுக்குள் திருப்பிவிட்டார்கள். ஒரே இடத்தில் மொத்தமாகத் திறந்துவிட்டால் அங்கே மண் சரியும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு வந்து கல் சுமந்த பெண்களுக்குக் குழு தலைவணங்குகிறது. அட்டைக் கடியைப் பொருட்படுத்தாத இளைஞர்களுக்கும் அப்படியே.

சீமெந்துப் படி கட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். படியில் நீர் இன்னும் வேகமாக இறங்கி அடிவாரத்தைக் குடையும். அத்துடன் இது 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் சேர்க்கப்பட்ட காடு. வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்கள் உடன் நின்று காட்டிய இடத்தில் மட்டுமே மண்வெட்டி பட்டது. குறுக்குவழிகளை விழுந்து கிடந்த கிளைகளால் மறித்தோம். காட்டோரத்தில் பரவிய நாயுண்ணிச் செடிகளைக் காய்க்குமுன் வேரோடு பிடுங்கினோம். அந்த வெற்றிடத்தில் யூக்கலிப்டஸ் நடும் யோசனையைக் குழு ஏற்கவில்லை. விறகுக்கு அது நல்ல மரம்; இந்தக் காட்டுக்கு உரிய மரம் அல்ல. பக்கத்துக் காட்டின் விதைகள் விழுந்து முளைக்க இடம் விட்டிருக்கிறோம்.

இங்கே இறங்கும் ஓடைகள் மஸ்கெலியா ஓயாவில் சேர்கின்றன. அது கெஹெல்கமு ஓயாவுடன் கலந்து களனி கங்கையாகிக் கொழும்பு வரை குடிநீராகப் போகிறது. நமது லயன்களின் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளின்) குழாய்களுக்கு வருவதும் இந்த மலையின் ஊற்றுநீர்தான். பாதையில் அரித்த மண் அவ்வளவும் அந்தத் தண்ணீரில்தான் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

இனிப் பராமரிப்பு. கான்களின் வாயை இலைச்சருகும் பொலித்தீனும் அடைத்துவிட்டால் ஒரே பெருமழையில் உழைப்பு வீணாகும். ஆகையால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் துப்புரவுப் பணி நடைபெறும். வெசாக்கை அடுத்து எல்லாக் கான்களையும் ஒருமுறை முழுமையாகத் திறந்துவிட வேண்டும். வருவோர் மண்வெட்டியோ அலவாங்கோ கொண்டுவரவும். சாக்குகள் நம்மிடம் உள்ளன. வரவு செலவுக் கணக்கும் பற்றுச்சீட்டுகளும் தோட்ட வாசிகசாலையில் வைக்கப்பட்டுள்ளன. அங்கத்தவர் எவரும் பார்வையிடலாம், கேள்வி கேட்கலாம்.

இங்ஙனம்,
பாதைத் திருப்பணிக் குழு