உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று எங்கள் அம்மாக்களிடம் சொல்லுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். எங்கம்மா காங்கேயம் பக்கம் ரெண்டு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். மூன்று பிரசவம். மூன்றாவதுக்கு நாற்பது நாள்கூட ஆகாமல் களை வெட்டப் போனவர். அடி இறங்கியிருந்ததை ஏழெட்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பழைய நூல் சேலையைக் கிழித்து நாலாக மடித்து வைத்துக்கொண்டு, பால் கறக்க உட்காரும் முன் கையாலேயே உள்ளே தள்ளிவிட்டு உட்காருவாராம். கொடியில் போடாமல் கொட்டகைக்குப் பின்னால் சுவரோரமாகக் காய வைத்திருந்த அந்தத் துணிகளைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கேட்டதற்கு, "கோழி முட்டையாட்டம் என்னமோ வந்து நிக்குது கண்ணு, வயசானா எல்லாத்துக்கும் இருக்கறதுதான்" என்றார்.

2015-ல் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு உள்ளே தைத்துவிட்டோம், இனி பயமில்லை என்றார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா. ஆறு மாதம் நன்றாக இருந்த அம்மாவுக்கு அப்புறம் குத்துவலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், டூவீலரில் பின்னால் உட்கார முடியாத வேதனை. ரெண்டு வருஷம் மாத்திரையிலேயே போனது. கடைசியில் வேறு ஊரில் ஒரு டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு மெஷ் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வார்த்தையே இல்லை. ஆனால் மெஷ் என்கிற அந்தப் பிளாஸ்டிக் வலையின் ஓரம் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

அதன் பிறகுதான் நான் தேடித் தேடிப் படித்தேன். பிறப்புறுப்பு வழியாக வைக்கிற இந்த பாலிப்ரொப்பிலீன் வலையால் வரும் கடுமையான பாதிப்புகள் அபூர்வமானவை அல்ல என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-லேயே சொல்லிவிட்டது, அதாவது அம்மாவை மேஜையில் படுக்க வைப்பதற்கு நாலு வருஷம் முன்பே. 2017-ல் ஆஸ்திரேலியா இறக்கத்துக்கான இந்த வலைகளை அனுமதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்தது. 2018 ஜூலையில் இங்கிலாந்து இவற்றை நிறுத்தி வைத்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள். பிரிட்டனில் நடந்து 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வும் இதைத்தான் காட்டியது: முதல் ரெண்டு வருஷத்தில், சொந்தத் திசுவையே இழுத்துத் தைத்தவர்களைவிட வலை வைத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை ஒன்றும் இல்லை, அவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலையாலேயே தொந்தரவு வந்தது. வயிற்று வழியாக வலை வைத்து மேலே தூக்கிக் கட்டுகிற ஆபரேஷன் வேறு என்பதும் எனக்குத் தெரியும். அதை இந்தத் தடைகள் தொடவில்லை, சிலருக்கு அதுதான் பொருத்தம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சொந்தத் திசு என்பது புதுசா, சோதனைக்கூடத்துச் சமாச்சாரமா என்றால் இல்லையே. கர்ப்பப்பையின் வாயைக் குறைத்துத் தாங்குதசைநார்களை முன்னால் கொண்டுவந்து தைக்கிற மான்செஸ்டர் ஆபரேஷன் 1888-ல் தொடங்கியது. மும்பையின் டாக்டர் புரந்தரே, இன்னும் குழந்தை பெற வேண்டிய பெண்களுக்காக, வயிற்றுத் தசையின் உறையிலிருந்தே பட்டை எடுத்துக் கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டினார். தொடையின் வெளிப்பக்கத்து உறையை எடுத்துப் பயன்படுத்துவதும் உண்டு. இடுப்புக்குள் கெட்டியாக இருக்கிற நாரைத் தேடிப் பிடித்து அதில் தைத்து நிறுத்துவதும் உண்டு. கர்ப்பப்பையை எடுத்தால் மட்டும் போதாது, பிறப்புறுப்பின் மேல்முனையைப் பிடிமானமாகக் கட்டாவிட்டால் அதுவே மறுபடி இறங்கி வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் தெரியாது, எங்கள் ஊரில் இன்னமும் "பையை எடுத்துட்டா சரியாப் போயிரும்" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

நைந்த துணியை நைந்த துணியோடு தைத்தால் எத்தனை நாள் நிற்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, தினமும் துணியைப் பார்க்கிற எனக்கு அது நன்றாகவே புரிகிறது. சொந்தத் திசுவில் தைத்ததும் வருஷங்கள் போகப் போகத் தளரலாம், இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். தொடையில் எடுத்தால் அங்கே ஒரு தழும்பும் கொஞ்ச நாள் வலியும் இருக்கும். ஆனால் தளர்ந்தால் மறுபடி தைக்கலாமுங்க. சதைக்குள் பின்னிப்போன வலையை எடுப்பது, கம்பி வலையில் மாசக்கணக்காகப் படர்ந்து முற்றிய பீர்க்கங்கொடியைத் தண்டு ஒடியாமல் பிரிக்கிற மாதிரி. அம்மாவுக்கு வெளியே வந்த ஓரத்தை மட்டும்தான் வெட்ட முடிந்தது, மீதி உள்ளேயே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். எதை வைக்கப் போகிறீர்கள் என்பதை ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி வார்டில் வைத்து அல்ல, அதற்கு முன்னாலேயே, அந்தப் பெண்ணிடமே, அவர் பேசுகிற பேச்சில் சொல்லுங்கள். புருஷனிடமோ மகனிடமோ சொன்னால் போதும் என்று விடாதீர்கள். வலையா, அவருடைய சொந்த உடம்புத் திசுவேவா, எது தளரும், எது அறுக்கும் என்று சொல்லுங்கள். ஆபரேஷனே வேண்டாம் என்றால் இறங்காமல் தாங்கிப் பிடிக்கிற ரிங்கை உள்ளே வைத்துக்கொள்ளலாம், ஆரம்ப நிலை என்றால் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள், எங்கம்மாவிடம் இது ரெண்டையும் யாரும் சொல்லவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தால் அதன் ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டித் தருகிறார்கள். வலை வைத்தாலும் அதே மாதிரி ஒட்டிக் கொடுங்கள். பெயரும் நம்பரும் இருந்திருந்தால் எங்களுக்கு ரெண்டு வருஷம் வீணாகியிருக்காது.

இப்போது அம்மாவுக்குப் பிறப்புறுப்பின் முன்பக்கம் மறுபடி இறங்கியிருக்கிறது. இந்தத் தடவை பார்க்கிற டாக்டரம்மா, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டு, எந்த நாரில் தைப்பது, தொடையில் எங்கே கீறுவது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து அம்மாவிடம் விளக்கினார். அம்மா அந்தச் சீட்டை மடித்து சொசைட்டி பால் கார்டுக்குள் வைத்திருக்கிறார். "மாடு கன்னு போடட்டும், அப்பறம் சொல்றேனுங்க" என்று டாக்டரிடம் நேராகவே சொல்லிவிட்டு வந்தார். அவரும் சரி என்றார்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்துப் பால்காரம்மாவின் மகள்