நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்: அறிவிப்பைத் தமிழ் முரசுலயும் போடுங்க

எங்க அடுக்குமாடி புளோக்குங்களைப் பராமரிக்கிற சிங்கப்பூர் நகர மன்றங்கள்ல பொறுப்புல இருக்கிற எம்பிக்களுக்கும், எந்த அறிவிப்பு எந்தப் பேப்பர்ல போகணும்னு முடிவு பண்ற அதிகாரிங்களுக்கும் வணக்கம்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். எங்க காசையோ வீட்டு வாசலையோ தொடுற அறிவிப்பு எதுவா இருந்தாலும் அதைத் தமிழ் முரசு நாளிதழ்லயும் போடுங்க. பராமரிப்புக் கட்டணம் ஏறப் போகுதா, காரிடார்ல இருக்கிற சாமானை அள்ளப் போறீங்களா, 2025 தேர்தலுக்கு அப்புறம் எல்லை மாறி சில புளோக்குங்க வேற மன்றத்துக்குப் போச்சே அந்த மாதிரி ஏதாவதா, எல்லாமே. ஆங்கிலத்துல ஒட்டியாச்சு, வெப்சைட்ல ஏத்தியாச்சுன்னு அதோட விட்டுடாதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க மாடியில ஒரு பாட்டி இருக்காங்க, எண்பது வயசு தாண்டிடுச்சு, தனியாதான் இருக்காங்க. காரிடார்ல வரிசையா துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லின்னு தொட்டி வச்சு வளர்த்தாங்க, இருமல்னா புளோக்ல பாதிப் பேரு அவங்ககிட்டதான் இலை பறிக்கப் போவோம். ஒரு நாள் காலையில ஆளுங்க வந்து அத்தனையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாட்டி யாரோ திருடிட்டாங்கன்னு நினைச்சு அழுதுக்கிட்டு என் வீட்டுக் கதவைத் தட்டுறாங்க. கீழ போய்ப் பார்த்தா லிஃப்ட் பக்கத்துல கண்ணாடி போட்ட போர்டுல அறிவிப்பு இருக்கத்தான் செய்யுது, ஏ4 தாள், ஆங்கிலம் மட்டும், வெயில் பட்டு எழுத்து பாதி வெளுத்துப் போய். அதே போர்டுல பூந்தொட்டித் தட்டுல தண்ணி தேங்க விடாதீங்கன்னு சொல்ற டெங்கி போஸ்டர் தமிழோட சேர்த்து நாலு மொழியிலயும் பளிச்சுனு இருக்கு. தொட்டியைத் தூக்கப் போறோம்னு சொல்ற தாளுக்கு மட்டும் ஏங்க ஒரே மொழி?

விதி தப்புன்னு நான் சொல்லவே வரல. தீப்பிடிச்சா ஆளுங்க ஓடுறதுக்கு காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடணும், அது எல்லாரோட உயிர் விஷயம். ரெண்டு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா நாங்களே நாலு பேரு சேர்ந்து தொட்டிங்களை உள்ள நகர்த்தி வச்சிருப்போம். அந்தப் பாட்டி தினமும் முரசை எழுத்து விடாம படிக்கிறவங்க, அதுவும் முதல்ல இரங்கல் அறிவிப்புப் பக்கம், யாரு தவறிட்டாங்கன்னு பார்த்துட்டுத்தான் மத்ததெல்லாம். அந்தப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தா அன்னைக்கே கண்ணுல பட்டிருக்கும்.

இது ஒண்ணும் இந்த ஊர்ல நடக்காத விஷயம் இல்ல. ஒரு கொண்டோவை, அதாவது தனியார் அடுக்குமாடியை, பெரும்பாலான உரிமையாளருங்க சேர்ந்து மொத்தமா விக்கணும்னா அதுக்குப் போடுற விண்ணப்பத்தைப் பத்தி நாலு அதிகாரத்துவ மொழிப் பேப்பர்லயும் விளம்பரம் போடணும்னு சட்டமே சொல்லுது, விருப்பமில்லாதவங்க ஆட்சேபம் சொல்றதுக்கு இருக்கிறது 21 நாள்தான், அதனால தகவல் போய்ச் சேர்றது அவ்வளவு முக்கியம். கொண்டோக்காரங்களுக்கு இருக்கிற அந்த முறை அரசாங்கம் கட்டின எச்டிபி வீட்டுல இருக்கிறவங்களுக்கும் வேணும்னு கேக்குறது பெரிய ஆசை இல்லையே.

வீட்டுல தமிழ் பேசுறவங்களே குறைஞ்சுட்டாங்களேன்னு நீங்க கேக்கலாம். உண்மைதான், 2010 கணக்கெடுப்புல 3.3 விழுக்காடு, 2020ல 2.5 விழுக்காடு. எங்களுக்கும் அது வருத்தமான கணக்குதான். ஆனா மிச்சம் இருக்கிற அந்த ஆளுங்க யாருன்னு பாருங்க, நிறைய பேரு வயசானவங்க, பிள்ளைங்க தனியாப் போயிட்டவங்க, ஆப் திறந்து பார்க்கத் தெரியாதவங்க. அறிவிப்பு கைக்கு வராம போனா அதிகமா அடிபடுறதும் அவங்கதான். அரசமைப்புச் சட்டத்துல 153ஏ பிரிவு தமிழை அதிகாரத்துவ மொழின்னு சொல்றப்போ தலையை எண்ணிப் பார்த்துச் சொல்லல.

வெப்சைட் விஷயத்துல இன்னொண்ணு இருக்கு. வெப்சைட்ல இன்னைக்கு இருக்கிறதை நாளைக்கு மாத்திடலாம், எப்ப போட்டீங்க எப்ப எடுத்தீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. பேப்பர்ல தேதியோட அச்சான அறிவிப்பு அப்படியே நிக்கும், தகராறு வந்தா ரெண்டு தரப்பும் அதைக் காட்டலாம், உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

அடுத்தது செலவு. விளம்பரத்துக்குப் போறது எங்க பராமரிப்புக் கட்டணம்தான், அதனால நீங்க கணக்குப் பார்க்கிறது நியாயம். ஆனா மலிவா எது கிடைக்குதோ அந்த ஒரு பேப்பர்ல போட்டு முடிக்கிறது சிக்கனம் ஆகாது, படிக்க வேண்டியவங்க படிக்கலன்னா அந்தக் காசும் வீண்தானே. ஒவ்வொரு மன்றமும் தனித்தனியா போட வேண்டாம், எல்லா மன்றமும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு கட்டம் எடுங்க, செலவைப் பிரிச்சுக்குங்க. 2022ல இருந்து தாய்மொழிப் பேப்பர்களும் நிக்கணும்னுதான் முரசை வெளியிடுற எஸ்பிஎச் மீடியாவுக்கு வருஷத்துக்கு 180 மில்லியன் வெள்ளி வரைக்கும் அரசாங்கம் ஒதுக்கிச்சு. 1935ல கோ. சாரங்கபாணி ஆரம்பிச்ச பேப்பர் இன்னும் வாசல்ல வந்து விழுது, இந்த ஊர்ல தமிழ்ல வர்ற நாளிதழ் அது ஒண்ணுதான், அதைப் பயன்படுத்திக்குங்க.

என் கோரிக்கை இதுதான்: ஞாயித்துக்கிழமை, இரங்கல் பக்கத்துக்குப் பக்கத்துல, எப்பவும் அதே இடம், வயசானவங்க கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து, புளோக் நம்பர், தேதி, கூப்பிட வேண்டிய ஃபோன் நம்பர். அதையே லிஃப்ட் போர்டுலயும் தமிழ்ல ஒட்டுங்க. இதை யாரு முடிவு பண்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க, எம்பி குடியிருப்பாளருங்களைப் பார்க்கிற அடுத்த மக்கள் சந்திப்புக்கு எங்க புளோக்ல இருந்து நாங்க வர்றோம், பாட்டியையும் கூட்டிட்டு வர்றோம்.

இப்படிக்கு,
மாசா மாசம் கட்டணம் கட்டுற ஒரு எச்டிபி குடியிருப்பாளர்