குதிரைக்கு இருந்த சொல் மனிதருக்கு வந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இனவாதம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், சண்டை போட எழுதவில்லை. ஆனால் அதில் ஒரு வரி இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. மனிதர்களை இனம் இனமாகப் பிரிக்கும் எண்ணமே 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ், ப்ளூமன்பாக் போன்ற விஞ்ஞானிகளிடம்தான் பிறந்தது என்ற வரி. அப்படிச் சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும்: தப்பு செய்தது அறிவியல், அதுவே பிறகு திருத்திக்கொண்டது, அவ்வளவுதான். லின்னேயஸ் மனிதரை நான்கு வகையாகப் பிரித்து அச்சிட்டது 1735இல். அதற்கு 286 வருஷம் முன்பே ஸ்பெயினில் ஒரு ஊர், ரத்தத்தைப் பார்த்துத்தான் வேலை தருவோம் என்று எழுத்து மூலமாக விதி போட்டுவிட்டது.

அந்த ஊர் தொலேதோ. 1449 ஜனவரியில், அரசனின் வலது கையாக இருந்த அல்வாரோ தே லூனா போர்ச் செலவுக்கு ஊரார் பத்து லட்சம் மராவெதி (அந்தக் காலத்துக் காசு) கடன் தர வேண்டும் என்று கேட்டார். மது ஊற்றி வைக்கும் தோல்பை தைக்கிற ஒரு தொழிலாளிதான் முதலில் கிளம்பியதாகச் சொல்கிறார்கள். கூட்டம் எங்கே போனது தெரியுமா? பணம் கேட்டவரிடம் போகவில்லை, போகவும் முடியாது. வசூலுக்குப் பொறுப்பாக இருந்த அலோன்சோ கோத்தா என்ற வணிகரின் வீட்டுக்குப் போய்த் தீ வைத்தது. கோத்தா யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர்.

கோத்தா போன்ற யூத வம்சத்தார் எப்படிக் கிறிஸ்தவர் ஆனார்கள் என்பது தனிக் கதை. 1391இல் செவில்லில் ஒரு பாதிரியாரின் பிரசங்கத்தால் மூண்ட கலவரம் ஊர் ஊராகப் பரவியது. உயிர் பிழைக்க ஆயிரக்கணக்கான யூதர்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள். வாங்கிய பிறகு சட்டப்படி அவர்களும் மற்றவர்களும் ஒன்று, நகரசபையிலும் உட்காரலாம், கோயிலில் பதவியும் வகிக்கலாம். அதுதான் பொறுக்கவில்லை. மதத்தைச் சொல்லி இனி ஒதுக்க முடியாது, அவர்களும் அதே பூசைக்குத்தானே வருகிறார்கள். 1449 ஜூன் 5ஆம் தேதி கோட்டைத் தலைவர் பெரோ சார்மியெந்தோவும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து ஒரு தீர்ப்பு எழுதினார்கள்: யூத வம்சத்தில் வந்தவர் எவரும் தொலேதோவில் பதவி வகிக்கக் கூடாது, கிறிஸ்தவருக்கு எதிராகச் சாட்சியும் சொல்லக் கூடாது.

இதை வெறும் மதவெறி என்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. மதவெறிக்கு மதம் மாறினால் போதும். இங்கே மாறி, அதற்கப்புறம் பேரன் பேத்தி வரைக்கும் ஆன பின்னும் கறை போகவில்லை என்றால், ஞானஸ்நானத் தண்ணீரைவிட ரத்தம் கெட்டியானது என்றுதானே அர்த்தம்?

அந்தக் காலத்து மனிதருக்கு அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அதே வருஷம் செப்டம்பரில் போப் ஐந்தாம் நிக்கோலாஸ் இந்த விதியைக் கண்டித்து ஆணை விட்டார். யூத வம்சத்தில் வந்த ஆயரே ஆன அலோன்சோ தே கார்த்தகேனா அந்த விதியை மறுத்து ஒரு நூலே எழுதினார். தப்பு என்று தெரிந்துதான் செய்தார்கள். (இதே போப்தான் 1455இல் ஆப்பிரிக்கக் கரையில் மக்களைப் பிடிக்கவும் அடிமையாக்கவும் போர்ச்சுகல் அரசனுக்கு உரிமை எழுதிக் கொடுத்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதினோரு வருஷம் முன்பே, 1444இல், போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கிப் பங்கு போட்டுவிட்டார்கள்.)

போப் கண்டித்தும் நிற்கவில்லை. 1547இல் தொலேதோ பேராலயமே அந்த விதியை எடுத்துக்கொண்டது. கொண்டுவந்த பேராயர் சிலிசேயோ சொன்ன காரணம்தான் எனக்கு மறக்கவே இல்லை: குதிரை வியாபாரி குறையுள்ள குதிரையை இனாமாகக் கொடுத்தாலும் லாயத்தில் கட்டமாட்டான், அவனுக்கு முதலில் ஜாதிதான் முக்கியம் என்றார். ஜாதி என்ற இடத்தில் அவர் பயன்படுத்திய ‘ராசா’ என்ற சொல்தான் பிற்பாடு ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்று நாம் சொல்லும் சொல்லுக்கு உறவு. 1611இல் கோவாருபியாஸ் தொகுத்த ஸ்பானிய அகராதியைப் பாருங்கள். ராசா என்றால் சூடு போட்டு அடையாளம் வைத்த நல்ல வளர்ப்புக் குதிரை. துணியில் மற்ற இழையோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும் இழை. அப்புறம், வம்சத்தைப் பற்றிச் சொன்னால் கெட்ட அர்த்தம், மூர் (ஸ்பெயினில் இருந்த முஸ்லிம்கள்) அல்லது யூதக் கலப்பு இருப்பது. குதிரையும் துணியும் மனிதனும் ஒரே பதிவில் இருக்கிறார்கள்.

ரத்தத்தை எப்படிச் சோதிப்பது? நுண்ணோக்கி இல்லை, வாய்தான். ஒருவர் கல்லூரியிலோ மடத்திலோ சேர மனு போட்டால், தாத்தா பாட்டி பிறந்த ஊருக்கெல்லாம் ஆள் போய், வயதானவர்களை உட்காரவைத்து, இந்தக் குடும்பத்தைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டதுண்டா என்று விசாரிக்க வேண்டும். செலவு மனு போட்டவருடையது. சமையலில் யூதர்கள் தொடாத பன்றிக் கொழுப்பா, ஆலிவ் எண்ணெயா? யூதர்களுக்கு ஓய்வு நாளான சனிக்கிழமை வெளுத்த சட்டை மாட்டினார்களா? அடுத்த வீட்டுக்காரர் ஞாபகம்தான் சான்றிதழ். மதம் மாறியும் ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றுகிறார்களா என்று தேடிய திருச்சபை விசாரணை மன்றம் தண்டித்தவர்களுக்குப் போட்ட அங்கியைப் பெயர் எழுதிக் கோயிலில் தொங்கவிடுவார்கள், இற்றுப்போனால் புதிது மாற்றுவார்கள், பேரப்பிள்ளைகள் தப்பக் கூடாது என்று. கத்தோலிக்கர் கும்பிடுகிற அவிலா புனித தெரேசாவின் தாத்தா 1485இல் தொலேதோவில் அந்த அங்கியைப் போட்டு நின்றவர். பிறகு குடும்பம் அவிலாவுக்குக் குடிபோனது. இந்த விவரம் வெளியே வந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான்.

இதெல்லாம் பழைய கதை என்றால் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போங்கள். அங்கே பதினைந்து குடும்பப் பெயர்கள் உண்டு, ஃபோர்த்தேசா, போமார், மிரோ என்று. ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றியதாக 1691இல் விசாரணை மன்றம் தண்டித்த குடும்பங்களின் பெயர்கள். அந்தப் பெயர் உள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள், பலர் நகைக்கடைக்காரர்கள். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் வெளியே பெண் கொடுக்கவும் எடுக்கவும் பெரும்பாலும் ஆள் கிடையாது. ஸ்பெயின் அரசு சில பதவிகளுக்கும் திருமணத்துக்கும் கேட்டுவந்த ரத்தச் சான்றை 1865இல்தான் கைவிட்டது. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை, யூத வம்சத்தாரைச் சேர்க்கக் கூடாது என்று 1593இல் போட்ட தடையைப் பிறகு சற்றுத் தளர்த்தி, முழுதாக எடுத்தது 1946இல். நடுவில் 1935இல் ஜெர்மனியில் நாஜிகள் யூதர் யார் என்று சட்டம் எழுதியபோது, அவ்வளவு ‘அறிவியல்’ பேசியவர்கள், கடைசியில் தாத்தா பாட்டி எந்த மதப் பதிவேட்டில் இருந்தார்கள் என்று தேவாலய ஞானஸ்நானப் புத்தகங்களைத்தான் புரட்டினார்கள். தொலேதோக்காரன் பார்த்தால் சிரித்திருப்பான்.

கடைசியாக ஒன்று. நான் தூத்துக்குடிக்காரன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். போர்த்துகீசியர் நம் ஊருக்கு வந்தபோது அவர்கள் கையில் ‘காஸ்தா’ என்ற சொல் இருந்தது, வம்சம், வளர்ப்பு என்ற பொருளில். அதை நம் ஜாதிக்கு ஒட்டிவிட்டுப் போனார்கள், ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ ஆனது அதுதான். ஜாதியை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பழி நம்முடையது. ஆனால் அதே கப்பல்களில் ஒன்றில் அண்ட்ரிக் அடிகளாரும் (என்ரிக்கே என்ரிக்கஸ்) வந்தார், 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சடித்தவர். இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களுள் ஒன்று. அவர் போர்ச்சுகலில் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், யூத வம்சம் என்பதால் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பிறகுதான் இயேசு சபை (அதன் தடை அப்போது வரவில்லை), பிறகுதான் முத்துக்குளித்துறை, பிறகுதான் நம் எழுத்து. அவர் உடல் எங்கள் பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

தமிழ் அச்சு பற்றி வருஷம் ஒருமுறையாவது நீங்கள் கட்டுரை போடுகிறீர்கள். ‘போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார்’ என்ற ஒரே வரியில் அவர் அதில் வந்துபோகிறார். அடுத்த முறை போடும்போது அவர் ஏன் அந்தக் கப்பல் ஏறினார் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி