'உடனே மாறுங்கள்' என்றால் எத்தனை ஜிபி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, எல்லோரும் உடனே 11-க்கு மாறுங்கள் என்று தங்கள் கணினிப் பக்கம் எழுதியது. நாளுக்கு ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டும் கிராமத்து வீடுகளுக்கு இந்த அறிவுரை போதாது.

விண்டோஸ் 11-ஐ நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபிக்கு மேல். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகம் விடாமல் கிடைத்தாலே 11 மணி நேரம் தாண்டும். டேட்டாக் கணக்கில் நான்கு நாள். மைக்ரோசாஃப்ட் தரும் இறக்க இணைப்போ 24 மணி நேரத்தில் காலாவதி. தினம் கொஞ்சமாக இறக்க வழியில்லை. கணினிக்குள்ளேயே இருக்கும் விண்டோஸ் அப்டேட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அன்றைய டேட்டா முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

ஆகவே முதலில் கணினிக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான். இல்லையென்றால் எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22H2-இல் இருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசம். அங்கே படங்கள், ஆவணங்கள் ஃபோல்டர்களையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றச் சொல்லிக் கேட்கும், அதை அணைத்துவிடுங்கள். ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிட மோசம். தகுதியில்லாத கணினியில் குறுக்குவழியாக 11-ஐப் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். அந்தக் கணினிக்கு ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு பெரும்பாலும் தானாக வராது. ஒவ்வொரு முறையும் அதே 5 ஜிபியை மறுபடி தேட வேண்டும்.

தகுதியுள்ளவர்கள் ஃபைபர் உள்ள உறவினர் வீட்டில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே ஐஎஸ்ஓவை இறக்கி, பென்டிரைவில் எடுத்து வரலாம். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் மொழி. கணினியில் இருப்பது அமெரிக்க ஆங்கிலமா, சர்வதேச ஆங்கிலமா என்று முன்பே பார்த்து அதையே இறக்க வேண்டும். மாறிப்போனால் 'கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்' என்ற தேர்வு கிடைக்காது. அவ்வளவு தூரம் போய் வந்தது வீண்.

ஐஎஸ்ஓவை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, நெட்டைத் துண்டித்து, இருமுறை கிளிக் செய்து செட்டப்பை ஓட்டுங்கள். அப்டேட்களை இறக்கவா என்று கேட்கும்போது 'இப்போது வேண்டாம்' என்று கொடுங்கள். 20 ஜிபியாவது காலியிடம் தேவை. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் மின்தடை அறிவித்த நாளில் தொடவே கூடாது. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம்; அதுவரை பழைய கோப்புகளை அழிக்கும் டிஸ்க் கிளீனப் செய்யாதீர்கள்.

மறுபடி ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டா வரம்புள்ளது) என்று செட்டிங்ஸில் குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. வாரம் ஒருமுறை, டேட்டா மிச்சமுள்ள இரவில், நாமே இறக்கிக்கொள்ளலாம்.

இனி 'அப்டேட் செய்யுங்கள்' என்று எழுதும்போதெல்லாம் அது எத்தனை ஜிபி, நெட் இல்லாமல் போட வழி உண்டா என்ற இரண்டு வரியையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்