கல்வெட்டு வைக்க முடியாத காணிக்கை: வீட்டோடு கிடக்கும் முதியோருக்காக ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் பிரியமான உறவுகளே,

சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், இந்தப் பகுதியில் பிறக்காவிட்டாலும் இதை வாசிக்கிற நல்ல மனமுள்ள எல்லாருக்கும் எங்கள் சேகரக் கமிட்டியின் வாழ்த்துகள். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டி இருக்கிற, தென்னிந்தியத் திருச்சபையின் சில சிறிய கிராமச் சபைகள் சேர்ந்ததுதான் எங்கள் சேகரம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடமாட முடியாமல் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸும் இரண்டு உதவியாளர்களும் வேண்டும். ஆள் கிடைக்கும். இடமும் இருக்கிறது, மூடிக் கிடக்கிற பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தைச் செப்பனிட்டால் போதும். மாதாமாதம் சம்பளம் கொடுக்கத்தான் வழி இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கட்டடம் கட்டுவதற்குப் பணம் திரட்டுவது நம் ஊர்களில் கஷ்டமே இல்லை. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க, ஆலயத்தில் ஏசி வைக்க, காம்பவுண்டு சுவர் எழுப்ப என்று அறிவித்தால் ஒரே பண்டிகையில் சேர்ந்துவிடும். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கலாம், பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படிக் கொடுத்தவர்களால்தான் இந்த ஆலயங்கள் நிற்கின்றன. ஆனால் ஒரு நர்ஸின் சம்பளத்தை எந்தச் சுவரில் பதிப்பது? இந்த மாதம் கொடுத்தது இந்த மாதத்தோடு தீர்ந்துவிடும். அடுத்த மாதம் மறுபடியும் கொடுக்க வேண்டும். அதனால்தான் இந்த மாதிரி வேலைக்குப் பணம் கேட்கவே கமிட்டிகள் தயங்குகின்றன. நாங்களும் பல நாள் பேசிவிட்டுத்தான் கேட்கிறோம்.

எங்கள் கிராமங்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பூட்டாத வீடுகளில் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோ தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். பணம் தவறாமல் வருகிறது, போனும் வருகிறது. வீடியோ கால் வரும் நேரம் தெரிந்து ஒரு அம்மா தலையைச் சீவி, முகத்தைத் துடைத்து, சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். "நான் நல்லா இருக்கேன்யா, நீ சாப்பிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே பேசி முடிக்கிறார்கள். போனை வைத்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண்தான் அவர்களைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் படுக்க வைக்கிறாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அது துபாயில் இருக்கிற மகனுக்குத் தெரியாது. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று அந்த அம்மாவுக்குப் பயம்.

படுக்கைப் புண் வராமல் தடுப்பது பெரிய வைத்தியமே இல்லை. புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தோல் ஈரமாக இருக்கக் கூடாது. காற்று மாறி மாறி ஏறி இறங்கும் மெத்தை இருந்தால் நல்லது. முட்டை, பருப்பு என்று சத்தான சாப்பாடு உள்ளே போக வேண்டும். தோல் சிவந்த முதல் நாளே கவனித்துவிட்டால் சரியாகிவிடும், விட்டுவிட்டால் சதை அழுகி எலும்பு தெரிகிற அளவுக்குப் போகும். அப்புறம் பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுவதற்கு வீட்டில் ஆள் இருந்தால்தான் அதுவும்.

எங்களை இந்த வேலைக்குள் இழுத்தது ஒரு பனையேறி ஐயாவின் வீடு. ஐம்பது வருஷத்துக்கு மேல் மரம் ஏறியவர். நெஞ்சிலும் முழங்கையிலும் கருப்பாகக் காய்ப்புக் காய்த்திருக்கும். பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழாயை எப்போது மாற்ற வேண்டும், பையை எந்த உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்று அவர் மனைவிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கட்டிலுக்கு மேலே சுவர் ஆணியில் பையை மாட்டி வைத்திருந்தார்கள், கீழே கிடந்தால் எறும்பு வருகிறதென்று. பை உடம்பை விட உயரத்தில் இருந்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும், கிருமி ஏறும். அவருக்கு அடிக்கடி குளிர் காய்ச்சல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று, பார்க்க வந்த நர்ஸ் சொன்னார். பையைக் கட்டில் காலில் கட்டி வைக்க ஒரு முழம் கயிறு போதுமாக இருந்தது. இதைச் சொல்லித்தர ஒரு ஆள், வாரத்துக்கு இரண்டு தடவை வந்தால் எவ்வளவு வேதனை குறையும்!

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பணியாளர்கள் உண்மையிலேயே பாடுபடுகிறார்கள். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ஒரு ஆளுக்கு டயப்பர் வாங்கவே அது காணாது. மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறவர்களால் தினமும் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட முடியாது. நடுவில் இருக்கிற அந்த இடைவெளியைத்தான் நாங்கள் நிரப்ப நினைக்கிறோம். யாருடைய வேலையையும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரின் ஆலோசனைப்படிதான் எங்கள் நர்ஸ் நடப்பார்.

இந்த மாதிரி ஊழியம் நம் சபைக்குப் புதிது ஒன்றும் இல்லை. 1820-ல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் காலத்தில், 1830-ல், விசுவாசத்தினால் வீடு வாசல் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்காகத் தர்ம சங்கம் ஏற்பட்டது. அதற்குப் பணம் போட்டவர்கள் நம் ஊர்ச் சபைகளில் போதித்த உபதேசிமாரும் சாதாரண ஜனங்களும்தான். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) பெற்றோரை இழந்த பிள்ளைகளை நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் ஐயர் சேர்த்து வளர்த்தார். பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதையே கொள்கையாக வைத்தார். பின்னால் 1912-ல் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில், இந்தியாவின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். வீட்டுப் பெண்கள் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்களே, அந்தக் கைப்பிடி அரிசிதான் இந்த ஊர்களின் மிஷன் பணத்துக்கு வேர். பெரிய தனவந்தர் ஒருவரும் இல்லாமல், மாதாமாதம், கொஞ்சம் கொஞ்சமாக.

1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் வரை நாம் ஆங்கிலிக்கன் சபையாகவே இருந்தோம். இன்றைக்கும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் நம் திருச்சபைக்கு இடமுண்டு. அந்த ஐக்கியம் மிஷன் பணிக்கு ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது. சுவிசேஷம் சொல்வது, புது விசுவாசிகளுக்குப் போதித்து வளர்ப்பது, இவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக நிற்பது, மனிதரின் தேவைக்கு அன்போடு ஊழியம் செய்வது. முதல் இரண்டுக்கும் எங்கள் சேகரத்தில் ஆட்கள் நிறைய உண்டு. கன்வென்ஷனும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் குறைவில்லாமல் நடக்கின்றன. மூன்றாவதில் பின்தங்கி இருக்கிறோம் என்பது கமிட்டியின் ஒருமித்த எண்ணம்.

யாருக்காக இந்த ஊழியம் என்று சிலர் கேட்டார்கள். சபை ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறதா, சந்தா கட்டியிருக்கிறாரா என்று பார்க்க மாட்டோம். அய்யாவழி நிழல்தாங்கலுக்குப் போகிறவர், அம்மன் கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், யாராக இருந்தாலும் நர்ஸ் போவார். கேட்டால் ஜெபிப்போம். கேட்காவிட்டால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருவோம். இதில் கமிட்டிக்குள் வாக்குவாதம் கூட வரவில்லை.

இனி கணக்கு. நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய், உள்ளூர் உதவியாளர்கள் இரண்டு பேருக்கு 9,000 வீதம் 18,000, ஆட்டோவுக்கு 7,000, பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, டயப்பர், மருந்து இவற்றுக்கு 10,000. ஆக மாதம் 55,000 ரூபாய். நர்ஸுக்கு இதைவிடக் குறைத்துக் கொடுக்கலாம், ஊழியம்தானே என்று ஒருவர் சொன்னார். கமிட்டி அதை ஏற்கவில்லை. ஊழியம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் உழைப்பைக் குறைந்த கூலிக்கு வாங்குவது ஊழியமாகாது. ஊருக்குள் இருக்கிறவர்கள் இப்போதே மாதம் 12,500 தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் முதியோர் உதவித்தொகையிலிருந்து 50 ரூபாய் எழுதியவர்களும் உண்டு. மிச்சம் 42,500. மாதம் 500 ரூபாய் தர 85 பேர் கிடைத்தால் தீர்ந்தது.

இது போக, பள்ளிக்கூடக் கட்டடத்தின் கூரை ஓடுகளை மாற்றி, சாய்தளம் வைத்து, கழிவறை கட்டி, நான்கு காற்று மெத்தையும் சக்கர நாற்காலிகளும் கமோட் நாற்காலிகளும் வாங்க ஒரே தடவையாக 3,40,000 தேவை. விளைச்சலையும் பொருள்களையும் காணிக்கையாகப் படைக்கும் ஸ்தோத்திரப் பண்டிகையின் ஏலத்தில் வந்த 1,40,000-ஐ இதற்கென ஒதுக்கிவிட்டோம். ஒரு பூசணிக்காயையும் ஒரு வாழைத்தாரையும் திரும்பத் திரும்ப ஏலம் எடுத்து, திரும்பத் திரும்பக் கோயிலுக்கே விட்டுக் கொடுத்தார்கள் வாலிபர்கள். இன்னும் இரண்டு லட்சம் வேண்டும். ஆனால் உங்களிடம் ஒரு தொகைதான் இருக்கிறது, எதற்குக் கொடுப்பது என்று கேட்டால், சம்பளத்துக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வோம். ஓடு ஒழுகினாலும் நர்ஸ் வீடு வீடாகப் போகலாம். நர்ஸ் இல்லாமல் புது ஓடு போட்டு என்ன பயன்? 5,000 ரூபாய் மொத்தமாகத் தருவதைவிட 500 ரூபாயைப் பத்து மாதம் தருவது எங்களுக்குப் பெரிய உதவி.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் எங்கள் சேகரத்துக்குப் பதிவு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடையாகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம், அவர்கள் நம் சொந்தப் பிள்ளைகளாகவே இருந்தாலும், நாங்கள் வாங்க முடியாது. மனம் வருத்தப்பட வேண்டாம். வருமான வரிச் சலுகைக்கான சான்றும் எங்களிடம் இல்லை. ரசீது மட்டும் கட்டாயம் உண்டு.

சபைக் கணக்கு என்றாலே முகம் சுளிக்கிற காலம் இது. தேர்தலும் வழக்குமாகக் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு நிறையப் பேர் மனம் வெறுத்துப் போயிருக்கிறார்கள். அதனால் இந்தப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறோம். குருவானவர், பொருளாளர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு ஆராதனை முடிவில் வாசிக்கப்படும், ஆலய வாசலில் ஒட்டப்படும், நன்கொடை தந்தவர்களுக்கு வாட்ஸ்ஆப்பிலும் வரும். கணக்கைச் சரிபார்க்க எங்கள் சேகரத்தைச் சேராத, ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நோயாளிகளின் படம் எதிலும் வராது. புண்ணைப் படம் எடுத்துக் காட்டிப் பணம் கேட்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.

பணம் இல்லாமலும் உதவலாம். உங்கள் வீட்டில் தாத்தா உபயோகித்த வாக்கரோ சக்கர நாற்காலியோ பரணில் கிடந்தால் கொடுத்து அனுப்புங்கள். துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன பழைய பருத்திச் சேலையும் வேட்டியும் படுக்கை விரிக்க எத்தனை இருந்தாலும் தேவைப்படும்; பாலியஸ்டர் வேண்டாம், வியர்வை உறிஞ்சாது. கிறிஸ்துமஸுக்கோ சபை விருந்தான அசனத்துக்கோ ஊருக்கு வருகிற டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் ஒரு காலைப் பொழுதை எங்களுக்குக் கொடுத்தால் போதும், வீடுகளை நாங்கள் காட்டுகிறோம்.

மாதந்தோறும் தர நினைப்பவர்கள் வாக்குறுதி அட்டையைப் பூர்த்தி செய்து குருவானவர் வீடான குருமனையில் கொடுக்கலாம், அல்லது ஊரில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர் மூலம் அனுப்பலாம். வங்கிக் கணக்கு விவரத்தைக் குருவானவரிடமோ பொருளாளரிடமோ நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். யாரோ அனுப்புகிற க்யூஆர் கோடு படத்தை நம்பிப் பணம் போட வேண்டாம்; நாங்கள் அப்படி எதுவும் அனுப்பவில்லை. எப்போது நிறுத்த வேண்டி வந்தாலும் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

ஆறு மாதச் சம்பளத்துக்கான வாக்குறுதி சேர்ந்தவுடன் நர்ஸ் தேர்வு நடக்கும். அதற்கு முன்னால் யாரையும் வேலைக்கு எடுத்துவிட்டுச் சம்பளத்துக்கு அலைய விட மாட்டோம். ஆகவே அட்டைகளை வருகிற அட்வெந்து முதல் ஞாயிறுக்குள் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது) அனுப்பிவிடுங்கள்.

ஊழியத்தில் உங்கள்,
சேகரக் கமிட்டியார்