ஆறு செவ்வாய்க்கிழமைக்கு நன்றி

ஸ்காபரோவில, நாள்பட்ட நோவைச் சமாளிக்கப் பழக்கின எங்கட வகுப்புக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம். கடைசி நாள் எழும்பி நிண்டு நன்றி சொல்ல வெளிக்கிட்டு அழுகை வந்து இருந்திட்டன், அதான் இப்ப எழுதுறன்.

எனக்கு நாரி நோ தொடங்கி 11 வருசம், பெட்டி தூக்கிற வேலையில வந்தது. எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை எண்டு ஒரு டொக்டர் சொன்ன நாளில இருந்து வீட்டில என்னை ஒரு மாதிரித்தான் பாத்தவை, போகப்போக எனக்கே என்னில சந்தேகம். முதல் நாளே வகுப்பு நடத்தின அக்கா சொன்னா, 3 மாசத்துக்கு மேல நிக்கிற நோவில காயம் ஆறினாப் பிறகும் நரம்பு நோ நோ எண்டு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கலாம், படத்தில தெரியாட்டியும் அது பொய்யில்லை எண்டு. அண்டைக்கு வீட்ட வந்து நல்லா நித்திரை கொண்டன்.

வகுப்பு நடத்தின அக்காவும் அண்ணாவும் டொக்டர் இல்லை, அக்காவுக்கே முழங்கால் வாதம். அதாலதான் நாங்களும் வாய் திறந்தம். நியூபவுண்ட்லாந்தில சாண்ட்ரா லெஃபோர்ட் எண்ட நேர்ஸ் பேராசிரியர், ஸ்டான்ஃபோர்டில கேட் லோரிக் ஆக்களோட சேந்து உருவாக்கின வகுப்பாம் இது. கிழமைக்கு ஒருக்கா ரெண்டரை மணித்தியாலம், 6 கிழமை, ஒரு சதம் வாங்கேல்லை.

வாற கிழமை என்ன செய்யப்போறம் எண்டு வகுப்பில திட்டம் போட்ட கதையைச் சொல்லியே ஆகோணும். நான் வீரத்தில ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் நடப்பன் எண்டன். அண்ணா சிரிக்காம, "செய்வீங்கள் எண்டு பத்துக்கு எத்தினை நம்பிக்கை?" எண்டார். நாலு எண்டன். ஏழுக்குக் குறைஞ்சா திட்டத்தை மாத்தோணுமாம். குறைச்சுக் குறைச்சு கடைசியில 10 நிமிசம், கிழமைக்கு 3 நாள், காலமைத் தேத்தண்ணிக்குப் பிறகு எண்டு வந்து நிண்டுது. 10 நிமிசம் எல்லாம் ஒரு நடையோ எண்டு வெக்கமா இருந்தது, ஆனா தை மாதக் குளிருக்க மோலுக்குள்ள போய் 3 நாளும் நடந்தன், 11 வருசத்தில நான் நினைச்சதை நினைச்சபடி செய்து முடிச்ச முதல் கிழமை அது.

என்ர பெரிய பிழை, நோ குறைஞ்ச நாளில முழு வீட்டையும் கூட்டித் துடைச்சு, போதாததுக்கு ஐம்பது ரோல்ஸும் சுத்திப்போட்டு பிறகு 3 நாள் கட்டிலில கிடக்கிறது. முன்னுக்கு இருந்த மாமிதான் சொன்னா, "பிள்ளை, நான் வெங்காயத்தையே ரெண்டு தரமா இருந்து எழும்பித்தான் உரிக்கிறனான்" எண்டு. இப்ப என்ர குசினியிலயும் 15 நிமிசத்துக்கு ஒருக்கா போனில அலாரம் அடிக்கும், கையில கிடக்கிறதை வைச்சிட்டு இருந்திடுவன். மகளுக்குச் சிரிப்பு.

ஸ்னோ கொட்டின அண்டைக்கு என்னை பஸ்ஸுக்கு விடாம காரில ஏத்தின தம்பிக்கும், நாலு கிழமை ஒரு சொல்லும் கதைக்காம இருந்து அஞ்சாவது கிழமை எங்கள் எல்லாரையும் சிரிக்க வைச்ச ஐயாவுக்கும் நன்றி.

நோ போகேல்லை, இதை எழுதேக்கையும் ரெண்டு தரம் எழும்பி நடந்தனான்.

மாமி, உங்கட சாப்பாட்டுப் பெட்டி என்னட்டக் கிடக்கு. ரோல்ஸ் போட்டுத்தான் திருப்பித் தருவன், ஆனா பத்துத்தான்.