வான்கோழிக்கு நாலு நாள் குடு, பிள்ளை

குருநகர்,
டிசம்பர் 5

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இஞ்சை சுகம். மழை விட்டபாடில்லை, ஒழுங்கை முழுக்க வெள்ளம். யாகப்பர் கோயிலில பிள்ளையள் கரோல் பழகிற சத்தம் பின்னேரத்தில வீடு மட்டும் கேக்குது. அம்மா பயத்தம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கிவிட்டா.

முந்தநாள் போனில "மாமி ஆக்களோட பத்துப் பேர் அப்பா, வான்கோழி வைக்கப்போறன், பயமாக் கிடக்கு" எண்டாய். கனடாவில உன்ர சொந்த வீட்டில முதல் நத்தார். பயம் வரத்தான் செய்யும். போனில சொன்னா அரைவாசி மறந்துபோவாய் எண்டு எழுதுறன். இந்தக் கடிதத்தைக் குசினியில ஒட்டிவை.

பதினொரு வருசம் கப்பல் குசினியில நிண்டவன் நான். வான்கோழி வைக்கிறது கஷ்டமான வேலை இல்லை. ஆனா அதுக்கு நாள் குடுக்கவேணும். இதை நான் படிச்சது 1998 நத்தாருக்கு, வடகடலில. ரொட்டர்டாமில ஏத்தின எட்டுக் கிலோ வான்கோழி, கல்லு மாதிரி. 24ஆம் திகதி பின்னேரம்தான் ஃப்ரீசரால எடுத்து மேசையில வைச்சன். விடிய அமத்திப் பாத்தா மேல்பக்கம் மெத்தெண்டு இருந்தது. இளகியிட்டுது எண்டு நம்பி ஓவனுக்குள்ள தள்ளினன். மத்தியானம் தோல் நல்ல பொன்னிறம், வாசம் கப்பல் முழுக்க. கப்டன் கத்தியை எடுத்துத் தொடையை விரிச்சார். எலும்போட ஒட்டின இடம் சிவப்பாக் கிடந்து தண்ணி கசிஞ்சுது. விரலை வைச்சுப் பாத்தன், அந்த இடத்தில சூடே இல்லை. இருபத்திரண்டு பேர் கோப்பையோட நிண்டவை. அண்டைக்கு எல்லாரும் சோறும் மீன்ரின்னும்தான் சாப்பிட்டினம். ஒருத்தரும் என்னை ஏசேல்லை. அதுதான் இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள குத்துது.

அதாலதான் சொல்லுறன், மேசையில வைச்சு இளக்காதை. உள்ளுக்கு ஐஸாக் கிடக்கேக்கயே வெளிப்பக்கம் மணிக்கணக்கா வெதுவெதுப்பில நிண்டு கிருமி பெருகும். ஃபிரிட்ஜுக்குள்ளதான் இளகவேணும். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் எண்டு கணக்கு வை. பத்துப் பேருக்கு 6 கிலோ, உங்கட கணக்கில 13 றாத்தல், தாராளம். அதுக்கு மூண்டு நாள் வேணும். நீ ஒரு நாளைக் கூட்டி, 20ஆம் திகதி இரவே ஃப்ரீசரால எடுத்து ஃபிரிட்ஜின்ர அடித்தட்டில வை. பையைப் பிரிக்காமல், நெஞ்சுப்பக்கம் மேல பாக்க, விளிம்பு உயர்ந்த தட்டத்தில வை. வடியிற தண்ணி கீழை இருக்கிற மரக்கறியில விழக்கூடாது. 24ஆம் திகதி இன்னும் ஐஸ் இருந்தா பையைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜிலயே விடு. நத்தார் விடியவும் ஐஸ் இருந்தா, பையோட பச்சைத்தண்ணியில அமத்தி வைச்சு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காத் தண்ணியை மாத்து. இப்பிடி இளக்கினா உடனை சமைக்கவேணும், திருப்பி ஃப்ரீசரில வைக்கப்படாது.

வாங்கேக்க அவசரப்படாதை. பை கிழிஞ்சிருக்கோ எண்டு பார். மூலையில இளஞ்சிவப்பு ஐஸ் தேங்கி உறைஞ்சிருந்தா அது ஒருக்கா இளகித் திருப்பி உறைஞ்சது, விட்டுடு. வெள்ளை வெள்ளையாக் காய்ஞ்ச திட்டு இருந்தா இறைச்சி வறண்டுபோயிருக்கும். உங்கட நாட்டில 'கனடா ஏ' எண்டு ஒரு தரம், 'யூட்டிலிட்டி' எண்டு இன்னொண்டு. யூட்டிலிட்டியில தோல் கிழிஞ்சிருக்கும், ஒரு செட்டை இல்லாமலும் இருக்கும். இறைச்சி நல்லதுதான், கறிக்கு நான் அதைத்தான் வாங்குவன். ஆனா முழுசா மேசையில வைக்கிறதுக்கு ஏ தரம் எடு. பின்பக்க எழுத்தை வாசி. உப்புத்தண்ணி ஏத்தினது எண்டு போட்டிருந்தா நீ மேல உப்புப் போடாதை. கடைக்குப் போக முதல் ஓவனையும் தட்டத்தையும் அளந்துபோட்டுப் போ.

24ஆம் திகதி காலமை பையைப் பிரிச்சு, வயித்துக்குள்ளயும் கழுத்துப் பக்கத்திலயும் கையை விட்டுப் பார். கழுத்தும், ஈரல் இதயம் போட்ட சின்னப் பையும் உள்ளுக்குக் கிடக்கும். கழுத்தை வெண்காயத்தோட அவிச்சுக் குழம்புக்கு எடு.

இனிச் சொல்லுறதுக்கு அம்மா சண்டை பிடிப்பா. வான்கோழியைக் கழுவாதை. மஞ்சள், தேசிக்காய் போட்டு மூண்டு தண்ணியில கழுவி வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஆனா அவ்வளவு பெரிய பறவையைக் கழுவேக்க தெறிக்கிற தண்ணி சிங்க், கோப்பை, சலாட் எல்லாத்திலயும் கிருமியைப் பரப்பும். கிருமியைக் கொல்லுறது சூடுதான். பேப்பர் துவாயால நல்லா ஒத்தித் துடை. தோல் எவ்வளவு காய்ஞ்சுதோ அவ்வளவு மொறுமொறுப்பு.

உப்பு ஏத்தாத பறவை எண்டா இரண்டு மேசைக்கரண்டி உப்பு, மிளகுதூள் பூசி, இரவு ஃபிரிட்ஜில மூடாமல் விடு. நத்தார் காலமை பட்டரில இடிச்ச உள்ளி, தேசிக்காய்த் தோல் துருவல், எங்கட யாழ்ப்பாணக் கறித்தூள் ஒரு தேக்கரண்டி குழைச்சு, நெஞ்சுத் தோலுக்கு அடியில விரலை விட்டுப் பூசு. தூளைத் தோலுக்கு மேல போடாதை. அது முதலே வறுத்த தூள், மூண்டு மணித்தியாலச் சூட்டில கருகிக் கசக்கும். வயித்துக்குள்ள ரம்பை, கறுவா, பாதி வெண்காயம் போதும். பாண் கலவையை உள்ளுக்குத் திணிக்காமல் வேற தட்டத்தில வேகவை. உள்ளுக்கிருந்தா அது வேக நேரம் எடுக்கும், அதுக்கிடையில நெஞ்சிறைச்சி சக்கையாப் போகும். உன்ர அப்பாச்சி எங்கட சந்திப் பேக்கரிப் போறணையில, பாண் எடுத்த பிறகு மிஞ்சின தணலில, வளவில வளர்த்த வான்கோழியை வைச்சு எடுப்பா. அவவும் ரம்பையும் கறுவாவும்தான் போட்டவ. அந்த வாசம் மேசைக்கு வந்தா மாமியாக்கள் கட்டாயம் கேப்பினம்.

ஓவன் 325 பரனைற். 6 கிலோவுக்கு மூண்டு, மூண்டரை மணித்தியாலம். ஆனா மணிக்கூட்டை நம்பாதை, இறைச்சிக்கு எண்டு விக்கிற தெர்மோமீற்றர் ஒண்டு வாங்கு. தொடையின்ர தடிச்ச இடத்தில, எலும்பில முட்டாமல் குத்து. முழுப் பறவைக்குக் கனடாச் சுகாதாரத் திணைக்களம் சொல்லுறது 82 பாகை செல்சியஸ். தோல் நிறம் வந்த உடனை நெஞ்சை ஃபொயில் தாளால மூடு, இல்லாட்டித் தொடை வேக முதல் நெஞ்சு வறண்டுபோகும். வெளியில எடுத்தா அரை மணித்தியாலம் தொடாதை. உடனை வெட்டினா சாறெல்லாம் பலகையில ஓடியிடும்.

சாப்பாடு முடிஞ்சு இரண்டு மணித்தியாலத்துக்குள்ள மிச்சத்தை எலும்பில இருந்து கழட்டி ஃபிரிட்ஜில வை. மூண்டு நாலு நாளைக்குள்ள முடி. மருமோனுக்குக் கொத்துரொட்டி போட்டுக் குடு, எலும்பை சூப்புக்கு எடு.

ஒரு மணிக்குச் சாப்பாடு எண்டா காலமை ஒன்பதுக்கு ஓவனுக்குள்ள வை. அப்ப இஞ்சை இரவு ஏழரை. நீ பன்னிரண்டு மணிக்குக் குத்திப் பாக்கேக்க எங்களுக்குப் பத்தரை. நான் போனைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு முழிச்சிருப்பன். தொடையில எத்தினை பாகை எண்டு சொல்லு, பிள்ளை.

அன்புடன்,
அப்பா